மஞ்சள் அட்டை கட்டிய கட்டில்

ஓசூர் தொழிற்பேட்டையிலேயே தலைவலி வந்தால் வெளியே சொல்லப் பயந்த தொழிலாளர்கள் எங்கள் கம்பெனியில் மட்டும்தான் இருந்தார்கள். லீவு கிடைக்காது என்ற பயம் இல்லை. "எனக்குத் தலை வலிக்குது" என்று வாய் தவறிச் சொன்னால் அது ஒருவர் காதில் விழுந்துவிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "யாருக்கு?" என்று கேட்பார். எனக்குத்தான் சார் என்றால், அந்த 'எனக்கு' தலையில் இருக்கிறதா, தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வரும். பத்து நிமிஷத்தில் தலைவலி போய்விடும். அல்லது அதைவிடப் பெரிய வலி வந்து அதை மறைத்துவிடும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நான் டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவேட்டில் தினமும் அந்தப் பெயரைப் பார்த்தவள். ஆனாலும் வாட்ச்மேனிலிருந்து ஃபேக்டரி மேனேஜர் வரைக்கும் அவர் 'யாருக்கு சார்'தான். எனக்கும் அப்படித்தான்.

அவர் செய்த வேலையும் அவருக்கு ஏற்றதாகவே அமைந்துவிட்டது. எங்கள் கம்பெனி வார்ப்பு இரும்பில் வண்டிப் பாகங்கள் செய்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் சில பாகங்களில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு திரவத்தைப் பூசி, கறுப்புத் திரை போட்ட கேபினுக்குள் ஊதா விளக்கில் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் பச்சையாக ஒரு கோடு மின்னும். அந்தக் கேபினில் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார் யாருக்கு சார். நல்ல பாகத்துக்குப் பச்சை அட்டை, கெட்டதுக்குச் சிவப்பு அட்டை. இரண்டும் சொல்ல முடியாததற்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டை கட்டிய பாகத்தை அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் நகர்த்தக் கூடாது. மற்ற இன்ஸ்பெக்டர்கள் மாசத்துக்கு ஒரு கட்டு மஞ்சள் அட்டை வாங்கினால் இவர் வாரத்துக்கு ஒரு கட்டு வாங்குவார். ஸ்டோரில் இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை.

இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவருக்கு இந்த யோசனை பிடித்துக்கொண்டது என்று சிலர் சொன்னார்கள். அது உண்மையில்லை. வேலைக்கு வரும் முன்பே தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. இரண்டு தடவை எழுதியவர். முதல் தடவை மேல்நாட்டுத் தத்துவத் தாளில் எல்லாக் கேள்விக்கும் இந்தியத் தரப்பு பதிலை எழுதி வைத்தார். இரண்டாம் தடவை இந்தியத் தத்துவத் தாளில் மேல்நாட்டுக்காரர்களின் ஆட்சேபணையை எழுதினார். இரண்டு தடவையும் தேறவில்லை. திருத்தினவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரிஞ்சிருக்குது, பாவம் என்பார்.

கல்யாணம் ஆகாததும் இதனால்தான். பேரிகையில் அவர் அக்கா வீடு இருக்கிறது. ஒரு தடவை மாம்பழம் கொடுக்க வந்தபோது அந்த அக்காவே என்னிடம் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்து, பெண்ணின் அப்பா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு என்று சொல்லியிருக்கிறார். இவர் விட்டிருக்கலாம். "பொண்ணுக்குன்னா, மனசுக்கா? இல்ல மனசைப் பாத்துட்டு இருக்கிறதுக்கா?" என்று கேட்டிருக்கிறார். தெலுங்கிலும் ஒரு முறை கேட்டாராம், புரியாமல் போய்விடக் கூடாதே என்று. பஜ்ஜித் தட்டை அவர்களே திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேன்டீனில் ஒருநாள் டீ ஆறும் வரை எனக்கு அதை விளக்கினார். மேல்நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் உடம்புக்கும் மனசுக்கும் நடுவில்தான் கோடு போட்டார்கள். அப்புறம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்தை எப்படித் தொடுகிறது என்று தெரியாமல் நூற்றாண்டுக் கணக்காகத் தவித்தார்கள். நம் ஊர் சாங்கியர்களும் வேதாந்திகளும் கோட்டை வேறு இடத்தில் போட்டார்கள். அவர்களுக்கு மனசும் ஒரு பொருள்தான், கை கால் மாதிரி, கொஞ்சம் மெலிசான பொருள். கோடு, மனசுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற அறிவுக்கும் நடுவில். "கோடு எங்க போடறோம்கிறதுதான் மேடம் எல்லாமே. அதை வெச்சுத்தான் விரிசல் எங்க தேடணும்னு தெரியும்," என்றார். எனக்கு ஊத்தங்கரையில் எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடந்த வரப்புத் தகராறுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை. அதுவும் அதே மாதிரிதான் என்றார்.

கம்பெனியில் அவரால் எழுந்த தகராறுகளுக்குக் கோப்பு வைத்திருந்தவள் நான். ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு மெமோ கொடுத்தோம். எழுத்தில் பதில் கொடுத்தார். பௌத்தர்கள் சொல்வதுபடி மனம் என்பது ஓடுகிற தண்ணீர், நேற்றுத் தாமதமாக வந்தவரும் இன்று மெமோ வாங்குபவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நிர்வாகத்தால் முடியுமா என்று கேட்டிருந்தார். எச்.ஆர். மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, போன வாரம் லீவு கேட்டவரும் இவர் இல்லையாம், அந்த லீவை ரத்து பண்ணிடுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மறுநாள் யாருக்கு சார் வந்து, நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரேதான் என்று எழுதிக் கொடுத்து லீவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேதாந்தத்துக்குக் கட்சி மாறிவிட்டதாகக் கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

இன்னொரு தடவை பெங்களூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து மன அழுத்தம் குறைக்க வகுப்பு நடத்தினோம். எல்லாரும் கண்ணை மூடுங்கள், எண்ணங்களைக் கவனியுங்கள், 'நான்' என்பதை விட்டுவிடுங்கள் என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. விடப்போவது யார், விட்ட பிறகு விட்டாச்சு என்று யாருக்குத் தெரியும் என்று நம்மவர் கேட்டார். வந்தவர் சிரித்தார். அடுத்த கேள்விக்கும் சிரித்தார். நாலாவது கேள்வியில் சாப்பாட்டு இடைவேளை விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு அத்திப்பள்ளி தாண்டி ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. அன்று மதியம் இருநூறு பேருக்கு மன அழுத்தம் குறைந்தது என்னவோ உண்மை.

இப்படி எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேன்டீனில் அவர் டேபிளில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். தட்டை எடுத்துக்கொண்டு அவர் வந்தால் இருக்கிற பெஞ்சு சட்டென்று நிரம்பிவிடும். கடைசி டேபிளில், கை கழுவும் இடத்தை ஒட்டி, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அதற்குப் பக்கத்து டேபிளில் இன்னொரு ஆள் தனியாக உட்கார்ந்திருப்பார். கிரேன் ஓட்டும் பிகாஷ். ஒடிசாக்காரர், நாற்பது வயதுக்காரர், லேபர் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர். கூட வந்தவர்கள் எல்லாம் வேறு கம்பெனிக்கோ ஊருக்கோ போய்விட, இவர் மட்டும் தங்கிவிட்டார். தமிழ் கொஞ்சம் தெரியும். பேசுவதற்குத்தான் யாரும் இல்லை.

ஒருநாள் சாம்பார் வர நேரமாகிவிட்டது. எனக்குப் பசி என்று பிகாஷ் பொதுவாக யாரிடமோ சொன்னார். பக்கத்து டேபிளிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பிகாஷ் கொஞ்சம் யோசித்தார். தன் தட்டில் இருந்த இரண்டு சப்பாத்தியில் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "உனக்கும் சார்," என்றார்.

யாருக்கு சார் அதைச் சாப்பிடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் வந்து சொன்னார். அடுத்தவனுக்கு மனசு இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது பெரிய கேள்வி. எனக்கு வலித்தால் கத்துகிறேன், அவனும் கத்துகிறான், அதனால் அவனுக்கும் வலி இருக்கும் என்று இங்கிலாந்துக்காரர்கள் ஊகிக்கச் சொன்னார்கள். நம் பக்கம் பௌத்தர்களும் அதே ஊகம்தான். ஆனால் அது ஒரே ஒரு பாகத்தைப் பார்த்துவிட்டு லாட் சரக்கு முழுவதையும் பாஸ் பண்ணுகிற மாதிரி. எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டான். "இந்த ஆளு ஊகிக்கவே இல்லை மேடம். நேரா கொடுத்துட்டாரு," என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்களா என்றால் இல்லை. அதே இரண்டு டேபிள்தான். ஆனால் சாப்பிட்டு முடித்து ஒன்றாக எழுந்திருப்பார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பிகாஷ் தான் தங்கியிருந்த கட்டிடத்தின் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பிவிட்டது, மூச்சும் தானாக வந்தது, கண் மட்டும் திறக்கவில்லை. ஊரிலிருந்து தம்பி வந்து ஒரு வாரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அறுப்பு வேலை கிடக்கிறது என்று அழுதுகொண்டே போனார். மனைவியால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வர முடியவில்லை.

கம்பெனி சார்பில் தினமும் யாராவது போய் ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. நாலு மணிக்குப் போனால் ஏற்கெனவே ஒருவர் அங்கே இருப்பார். முதல் ஷிப்ட் முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து வந்திருப்பார். பார்வையாளர் நோட்டில் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'பக்கத்து டேபிள்' என்று எழுதியிருந்தார். நர்ஸும் அதற்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

உள்ளே திரைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு உணர்வும் இல்லாமல் படுத்திருந்த மனிதரிடம் அவர் தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கனவே இல்லாத தூக்கத்தில் நாம் இருக்கிறோமா, இல்லையா. காலையில் எழுந்து, ஒண்ணும் தெரியாம நல்லாத் தூங்கினேன் என்கிறோம். அந்த ஒண்ணும் தெரியாததை உள்ளே ஒரு அறிவு விழித்திருந்து பார்த்திருக்கிறது என்கிறார் வேதாந்தி. அதெல்லாம் கிடையாது, எழுந்த பிறகு உடம்பு தெளிவாக இருப்பதை வைத்து நீயே ஊகித்துச் சொல்கிறாய் என்கிறார் நியாயக்காரர். மனசு தூக்கத்திலும் நினைத்துக்கொண்டேதான் இருக்கும் என்றார் ஒரு பிரெஞ்சுக்காரர். நினைத்தது தனக்கே தெரியாவிட்டால் அதை நினைத்தான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார் ஒரு ஆங்கிலேயர். "நீங்க எந்தக் கட்சின்னு சொல்ல வேணாம் பிகாஷ். அவசரமில்லை. நான் நாலு பக்கத்தையும் சொல்லி வெச்சிடறேன், எழுந்த பிறகு பாத்துக்கலாம்."

அப்படியே நாள் ஓடியது. படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் போதும். நான் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ரூமுக்குப் போனால் எனக்காகக் காத்திருந்தது ஒரு எமர்ஜென்சி லைட்டும் ஊறப்போட்ட துணியும்தான். ஓசூருக்கு வந்து மூன்று வருஷத்தில், யாரோ ஒருவர் யாரிடமோ ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசுவதை நான் அங்கேதான் கேட்டேன். மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி இந்த ஊரில் எல்லாரும் துண்டு துண்டாகத்தான் பேசுவார்கள்.

ஒருநாள் அவர் குரல் இறங்கியிருந்தது. உலகாயதர்கள் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிலையில் சிவப்பு இல்லை, பாக்கில் இல்லை, சுண்ணாம்பில் இல்லை. மூன்றும் சேர்ந்தால் வாய் சிவக்கிறது. உணர்வும் அப்படித்தான், உடம்பு சேர்மானம் சரியாக இருக்கிற வரைக்கும் இருக்கும், கலைந்தால் போய்விடும். இன்றைக்கு மூளையை ஆராய்கிற மேல்நாட்டுக்காரர்களில் நிறையப் பேர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். "இவங்க சொல்றது சரியா இருந்தா, நான் இப்ப கட்டில்கிட்ட பேசிட்டு இருக்கிறேன். அதையும் உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்ல," என்றார்.

மறுநாள் சைவ சித்தாந்தத்தோடு வந்தார். உயிர் எதோடு சேருகிறதோ அதன் தன்மையை வாங்கிக்கொள்ளும். இருட்டில் கண் திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது, கண்ணும் இருட்டும் ஒன்று போலவே இருக்கும். அதனால் கண் இல்லை என்று ஆகிவிடாது. வெளிச்சம் வந்தால் கண் வேறு, இருட்டு வேறு என்று பிரிந்துவிடும். இது அவருடைய கேபின் அனுபவத்தோடு ஒத்துப்போனதால் குரலில் தெம்பு வந்திருந்தது. தமிழில் சொல்லிவிட்டு, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னார். ஒடியா தெரியாததற்கு மன்னிப்புக் கேட்டார்.

ஐந்தாவது வாரம் காண்ட்ராக்டர் ஒரு ஆம்புலன்ஸ் பேசிவிட்டார். திங்கட்கிழமை பிகாஷை அதில் ஏற்றி ஊருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஒடிசாவுக்கு ரோடு வழியாக, இரண்டு ராத்திரி மூன்று பகல். சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துக்காக எங்கள் எச்.ஆர். மேனேஜரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார். டாக்டர் நேர்மையானவர். கண் திறக்கலாம், திறக்காமலும் போகலாம், இப்போதைக்குச் சொல்ல முடியாது, இவ்வளவு தூரப் பயணம் நல்லதில்லை, ஆனால் பொறுப்பானவர்கள் எழுதிக் கேட்டால் நான் தடுக்க முடியாது என்றார்.

காண்ட்ராக்டர் கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கீழே நிறைய ஆட்கள். இந்த ஒரு பொறுப்பு முடிந்தால் போதும் என்ற அலுப்பு முகத்தில் தெரிந்தது. "அவனுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல சார். இங்க படுத்திருந்தா என்ன, வண்டியில படுத்திருந்தா என்ன," என்றார்.

யாருக்கு சார் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் பயந்தேன். இந்த இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவார், காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், நான் இருபத்திரண்டு வருஷமா விரிசல் பாக்கறேன். விளக்கு மங்கலா இருந்தா விரிசல் தெரியாது. தெரியலைன்னு பச்சை அட்டை கட்டினா நான் இன்ஸ்பெக்டர் இல்லை. இவருக்குள்ள ஆள் இருக்கிறாரா இல்லையான்னு பாக்கிற விளக்கு இன்னும் யாருகிட்டயும் இல்லை. டாக்டர்கிட்டயும் இல்லை, நான் படிச்சவங்ககிட்டயும் இல்லை. ரெண்டு பக்கமும் தேடிட்டேன். சந்தேகம்னா என்ன பண்ணுவோம்? அனுப்ப மாட்டோம். நிறுத்தி வைப்போம்."

சொல்லிவிட்டுத் திரையை முழுக்க விலக்கிவிட்டார். கட்டிலின் கம்பியில் ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருந்தது. எங்கள் கம்பெனி அட்டைதான். 'பொருள்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'ஆள்' என்று எழுதி, பக்கத்தில் பிகாஷ் என்று போட்டிருந்தார். நிலை: சந்தேகம். காரணம்: பார்க்கும் வெளிச்சம் போதவில்லை. இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் நகர்த்தக் கூடாது. கீழே கையெழுத்து.

மேனேஜர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வேதாந்தமும் தெரியாது, பிரெஞ்சுக்காரரையும் தெரியாது. ஆனால் எச்.ஆருக்கு வரும் முன் அவர் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச்சில் இருந்தவர். ஒரு தடவை அவசரத்தில் மஞ்சள் அட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு லாட்டை அனுப்பி, அது முழுசாகத் திரும்பி வந்த கதையின் கதாநாயகன் அவர். கையில் இருந்த பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகினார். "ஹோல்டுல இருக்குதுப்பா. நான் கையெழுத்துப் போட முடியாது," என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார். காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் அட்டையைத் தொடாமல் போர்வையை மட்டும் சரிசெய்தார். திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் வரவில்லை.

அதற்கப்புறம் பதினோராவது நாள் பிகாஷ் கண்ணைத் திறந்தார். சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. முதலில் வெறுமனே திறந்திருந்தது. அப்புறம் நர்ஸ் போகிற பக்கம் திரும்பியது. ஒரு வாரத்தில் விரலை அசைத்தார். இன்னும் கொஞ்ச நாளில் தண்ணீர் என்று ஒடியாவில் கேட்டார், நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் அட்டையை யாருக்கு சார் தன் கையாலேயே அவிழ்த்தார். கத்தரியால் வெட்டலாம் என்று நர்ஸ் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளாமல், முடிச்சை நகத்தால் பிரித்துப் பிரித்து எடுத்தார்.

நன்றாகப் பேச்சு வந்த அன்று நானும் இருந்தேன். யாருக்கு சார் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு நாள் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டார். "நான் பேசினது ஏதாவது கேட்டுச்சா பிகாஷ்? குரல் மாதிரியாவது? தூரத்துல?"

பிகாஷ் உண்மையிலேயே முயற்சி செய்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இல்ல சார். படி தெரியும். அப்புறம் சிஸ்டர் தெரியும். நடுவுல ஒண்ணும் தெரியல," என்றார்.

ஒண்ணும் தெரியல என்று சொன்னால் வேதாந்தி உடனே பிடித்துக்கொள்வார் என்று இந்த இரண்டு மாதத்தில் எனக்கே தெரிந்திருந்தது. யாருக்கு சார் பிடித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார். ரசம் சாதம் கொடுத்தார்களா என்று விசாரித்தார். போர்வையை இழுத்து விட்டார். ஆறு மணி மணியடித்ததும் கிளம்பினார்.

பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். சிமென்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் பெங்களூர் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆள் பிழைத்ததில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை மூன்று தடவை சொன்னார். அப்புறம் லாரிகளைப் பார்த்துக்கொண்டே, "அப்போ நான் தனியாத்தான் பேசிட்டு இருந்திருக்கேன். பரவாயில்லை மேடம், பழக்கம்தான்," என்றார்.

"நான் கேட்டுட்டுத்தான் சார் இருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம். தினமும்," என்றேன்.

அவர் திரும்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்ன கேட்டீங்க, சொல்லுங்க என்றார். அந்த பஸ் ஸ்டாப்பில், டிபன் டப்பாவோடு நிற்கிற முப்பது பேர் நடுவில், எனக்குப் பரீட்சை நடந்தது. வெற்றிலை பாக்கு சொன்னேன். கண்ணும் இருட்டும் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் சொன்னதற்கு ஆங்கிலேயர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நியாயக்காரர் சொன்னதை வேதாந்தி தலையில் கட்டிவிட்டேன். அவர் உடனே நிறுத்தி, இல்லை இல்லை, அது இவர், இது அவர் என்று திருத்தினார். இரண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டன. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் ஏறப் போறீங்களா இல்லையா என்று கேட்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிகாஷ் தை மாதம் தம்பியோடு ஊருக்குப் போனார். ரயிலில், உட்கார்ந்துகொண்டே போனார். கிரேன் ஓட்ட முடியாது, கடை வைக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு விரிசல் பார்க்கிற கேமரா வந்தது. அதற்குச் சந்தேகமே வருவதில்லை, பச்சை அல்லது சிவப்பு. கேபினின் கறுப்புத் திரையைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். யாருக்கு சாரை வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அவர் கேமராவை ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்த்துவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பேரிகைக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் பேசச் சொன்னபோது, எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். நாங்கள் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்திருப்போம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அக்காவும் போன வருஷம் காலமாகிவிட்டார். வீட்டில் அவர் மட்டும்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்குப் போன் வரும். நலம் விசாரிக்க மாட்டார், மழை வெயில் பற்றிப் பேச மாட்டார். "மேடம், இருக்கீங்களா?" என்பார். இருக்கேன் சார் என்பேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. பேரிகையில் ஏதோ ஒரு கோழி கத்துவது மட்டும் கேட்கும். சரி என்று வைத்துவிடுவார்.

இதை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமை மணி மூன்றாகிறது. இன்னும் போன் வரவில்லை. நானே போட்டு, இருக்கேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.